ஊவாக் காற்றும் உப்புக்கண்டமும்

கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனிடம் கைதியாகப் பிடிபட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மலைநாட்டில் வாழ்ந்து, 1679 இல் தப்பிச் சென்றவர் ரொபர்ட் நொக்ஸ். 1681 இல் லண்டனில் வெளியான தமது இலங்கை நூலில் பிந்தென்னைப் பகுதியின் வேடர்களைப் பற்றி எழுதும்போது அவர் ஒரு செய்தியைக் குறித்து வைத்திருக்கிறார். மரத்தைக் குடைந்து பொந்தாக்கி, அதற்குள் தேனை ஊற்றி, இறைச்சியை நிரப்பி, வாயைக் களிமண்ணால் அடைத்துவிடுவார்களாம். வேட்டை கிடைக்காத காலத்துக்கு அதுதான் கையிருப்பு. நொக்ஸ் சொன்ன பிந்தென்னை இன்றைய மகியங்கனைப் பக்கம். வேடர்களின் தம்பானைக் கிராமமும் அங்கேதான், ஊவாவின் பதுளை மாவட்டத்துக்குள் இருக்கிறது.

கிடைக்கிற நாளில் வாங்கி, கிடைக்காத நாளுக்கு வைத்துக்கொள்ளும் வேலை ஊவாவுக்குப் புதிதில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். பசறை, மடுல்சீமை, நமுனுகுலை, அப்புத்தளை, ஹல்துமுல்லைத் தேயிலைத் தோட்டங்களில் இன்றும் இதே கேள்விதான் நிற்கிறது. மாதம் 10 ஆம் திகதி சம்பளம் வருகிறது. கடைக் கடன் அடைத்த கையோடு அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கோழிக்கறி கொதிக்கிறது. இருபதாம் திகதிக்குப் பிறகு பருப்பும் சம்பலும்தான். 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. 2024 இல் 1,350 ஆனது. இடையில் 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. அந்த ஆண்டில் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள் பலவற்றில் இறைச்சி விருந்தாளிச் சாப்பாடாகிவிட்டது.

ஆகவே மிச்சம் பிடிப்பது என்றால் குறைவாகச் சாப்பிடுவது என்று இங்கே சொல்ல எனக்கு மனம் இல்லை. ஏற்கெனவே குறைவாகத்தான் சாப்பிடுகிறார்கள். கொடுக்கிற காசுக்கு எவ்வளவு இறைச்சி உண்மையில் வீட்டுக்கு வருகிறது, வந்ததில் எவ்வளவு கெடாமல் சட்டிக்குப் போகிறது, சட்டியிலிருந்து எவ்வளவு உடம்பில் சேர்கிறது என்ற மூன்று இடங்களிலும் ஒழுகலை அடைப்பதுதான் சேமிப்பு. மூன்றுக்குமே விஞ்ஞானத்தில் தெளிவான விடை இருக்கிறது.

இறைச்சி ஏன் கெடுகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். உயிருள்ள தசையில் கிளைக்கோஜன் என்ற மாப்பொருள் சேமிப்பாக இருக்கும். விலங்கு இறந்தபின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுவராததால் அது லக்டிக் அமிலமாக மாறுகிறது. தசையின் பீஎச் அளவு 7 இலிருந்து 5.5 அளவுக்கு இறங்குகிறது. இந்த இலேசான புளிப்பே பற்றீரியாக்களுக்கு எதிரான முதல் தடை. நெடுந்தூரம் ஓட்டிக்கொண்டு வந்து, பட்டினி போட்டு, வெருட்டி வெட்டிய மாட்டில் கிளைக்கோஜன் முன்பே தீர்ந்துபோயிருக்கும். அமிலம் உருவாகாது. அந்த இறைச்சி கருஞ்சிவப்பாக, தொட்டால் பிசுபிசுப்பாக, உலர்ந்தாற்போல இருக்கும், சீக்கிரமே நாறிவிடும். கடையில் நிறம் பார்த்து வாங்குகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

அமிலம் ஓரளவுதான் காக்கும். இறைச்சியில் முக்கால் பங்கு தண்ணீர், மீதியில் பெரும்பகுதி புரதம். பற்றீரியாவுக்கு இதைவிட நல்ல விளைநிலம் இல்லை. 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் அவை பெருகுகின்றன. சூடான சூழலில் சில இனங்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அந்த வேகத்தில் ஒன்று ஏழு மணி நேரத்தில் இருபது இலட்சம் ஆகும். பதுளை நகரில் காலை ஒன்பது மணிக்குக் கோழி வாங்கி, வங்கிக்கும் மருந்துக் கடைக்கும் போய், பிற்பகல் பஸ்ஸில் ஏறி, சந்தியில் இறங்கி மேட்டு லயத்துக்கு நடந்து வந்தால் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இறைச்சியைக் கடைசியாக வாங்க வேண்டும். வாங்கியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் அது அடுப்புக்கோ, உப்புக்கோ, குளிருக்கோ போய்விட வேண்டும். அப்புத்தளைக் குளிர் காப்பாற்றும் என்று நம்பக்கூடாது. அங்கே இரவில் 14, 15 பாகைக்கு இறங்கினாலும் அது பற்றீரியாக்களின் எல்லைக்குள்தான் இருக்கிறது. பெருக்கம் மெதுவாகும், நிற்காது.

மரப்பொந்துத் தேனுக்கு வருவோம். ஓர் உணவில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு தண்ணீர் நுண்ணுயிர்களுக்குக் கிடைக்கும் நிலையில் இருக்கிறது என்பதே முக்கியம். இதை நீர்ச் செயற்பாடு என்பார்கள். சுத்தமான தண்ணீருக்கு அது 1. புதிய இறைச்சிக்கு 0.99. பெரும்பாலான பற்றீரியாக்கள் 0.91 க்குக் கீழே வளர மாட்டா, பூஞ்சணங்கள் இன்னும் கீழே வரை தாக்குப்பிடிக்கும், 0.6 க்குக் கீழே எதுவுமே வளராது. தேனின் அளவு ஏறத்தாழ 0.6. அதில் சீனி மூலக்கூறுகள் தண்ணீரை இறுகப் பிடித்து வைத்திருக்கின்றன. அதற்குள் போட்ட இறைச்சியிலிருந்தும், அதன்மேல் இருக்கும் பற்றீரியாக்களின் உடலிலிருந்தும் தண்ணீர் தேனுக்குள் உறிஞ்சப்படுகிறது. தேன் புளிப்பானதும்கூட, போதாததற்கு அதிலுள்ள ஒரு நொதியம் சிறிதளவு ஐதரசன் பேரொட்சைட்டையும் உண்டாக்குகிறது. களிமண் மூடி காற்றையும் ஈயையும் தடுக்கிறது. பச்சை இறைச்சியைத் தேனில் போடுங்கள் என்று இன்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். தேன் விற்கும் விலையில் அது சேமிப்பும் ஆகாது. ஆனால் நீரை மறித்து வைப்பது என்ற அந்தத் தத்துவம்தான் கருவாட்டுக்கும் உப்புக்கண்டத்துக்கும் உயிர்.

தோட்டச் சமையலில் கருவாட்டுக்கு உள்ள இடம் தற்செயலானது இல்லை. கடலிலிருந்து எட்டத்தில், பனிக்கட்டியும் குளிரூட்டியும் இல்லாத நூற்றாண்டில், மலையேறிவந்தும் கெடாமல் இருந்த மலிவான புரதம் அது ஒன்றுதான். பதுளைக்கு ரயில் வந்தது 1924 இல். அதற்கு முன்னும் பின்னும் கருவாட்டு மூட்டை மலையேறிக்கொண்டே இருந்தது. நெத்தலி, சாளை, கட்டா, பாரை, சுறா என்று இன்றைக்கும் பண்டாரவளை ஞாயிற்றுச் சந்தையில் கருவாட்டுக் கடையைத் தாண்டாமல் வீடு திரும்புகிறவர்கள் குறைவு.

கருவாட்டை எப்போது அதிகமாக வாங்கலாம், எப்போது கொஞ்சமாக வாங்க வேண்டும் என்பதற்கு ஓர் எண் இருக்கிறது. 75. காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கத் தொடங்கும். உப்புப் போத்தல் கசிகிற நாளெல்லாம் அப்படிப்பட்ட நாள்தான். உப்பில் ஊறிக் காய்ந்த கருவாடும் அதே விதிக்குக் கட்டுப்பட்டது. ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவமழை பதுளைப் பக்கம் கொட்டும்போது, லயக் காம்பராவின் ஈரச் சுவரோரம் வைத்த கருவாடு தானாகத் தண்ணீர் குடிக்கும். நீர்ச் செயற்பாடு ஏறும். வெள்ளைப் பூஞ்சணமும் சிவப்புக் கறையும் பிடிக்கும். அந்த மாதங்களில் ஒரு வாரத்துக்கு மேற்பட்ட கருவாட்டை வாங்கி வைப்பது காசை எறிவதற்குச் சமம். தகரப் பேணியில் இறுக மூடி, அடுப்படியின் சூட்டில் வைத்தால் கொஞ்சம் தாங்கும்.

ஆடி முதல் புரட்டாதி வரை கதை வேறு. தென்மேல் பருவக்காற்று மத்திய மலையின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக ஊவாவுக்குள் இறங்குகிறது. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குத் தனி வாசமும் தனி விலையும் கிடைப்பது இந்தக் காற்றடிக்கும் மாதங்களில்தான். காற்று வறண்டு வீசும்போது கொழுந்துச் செடி தண்ணீர்ப் பற்றாக்குறையில் வாசனைப் பொருள்களைக் கூடுதலாகச் செய்கிறது. அதே காற்று இறைச்சியையும் காய வைக்கும். உப்புக்கண்டம் போட நினைக்கிறவர்களுக்கு ஊவாவில் இயற்கை கொடுத்த காலம் இது. கொழுப்பை முழுதாக நீக்கிவிட வேண்டும். கொழுப்பு காயாது, பாண்டல் வாசம் பிடிக்கும். இறைச்சியை ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் தடிக்காத நாடாக்களாக அரிந்து, உப்பும் மஞ்சளும் பிசறி ஓரிரவு குளிர்ச்சியில் வைத்து, மறுநாள் காலை முதல் வெயிலும் காற்றும் ஒருசேரப் படும் இடத்தில் கயிற்றில் கோத்துக் கட்ட வேண்டும். வலை போர்த்த வேண்டும். மாலையில் உள்ளே எடுத்துவிட வேண்டும். வளைத்தால் முறிகிற பதம் வரும்வரை காய்ச்சல் முடியவில்லை என்றே கொள்ளுங்கள். தடித்த துண்டு வெளியே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருப்பதே ஆபத்து. ஸ்டபிலோகொக்கசு என்ற பற்றீரியா 0.86 வரையுள்ள நீர்ச் செயற்பாட்டிலும் வளர்ந்து நஞ்சு விடும். அந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது.

அடுப்புக்கு மேலே பரண் கட்டி இறைச்சியைப் புகையில் தொங்கவிடுவது மலைநாட்டில் சிங்கள வீடுகளிலும் தமிழர் வீடுகளிலும் இருந்த வழக்கம். சூடு நீரை எடுக்கிறது. விறகுப் புகையிலுள்ள பீனோல் சேர்மங்களும் போமல்டிகைட்டும் மேற்பரப்பில் படிந்து நுண்ணுயிரைத் தடுக்கின்றன, கொழுப்பு பாண்டலடைவதையும் தாமதப்படுத்துகின்றன. ஆனால் அதே புகையில் புற்றுநோயோடு தொடர்புடைய சேர்மங்களும் உண்டு. புகைபோக்கி இல்லாத சிறு காம்பராவில் அதைப் பெண்களும் குழந்தைகளும் நாள் முழுக்கச் சுவாசிக்கிறார்கள். இறைச்சியைப் புகை போடுவதற்காகப் புகைபோக்கி வைக்காமல் இருப்பது எனக்குச் சம்மதமில்லை.

இப்போது குளிர்சாதனப் பெட்டி. தோட்டங்களிலும் அது பரவி வருகிறது, தவணைக்கு எடுத்தவர்கள் பலர். அதை வாங்கினால் இறைச்சியில் மிச்சம் பிடிக்கலாம் என்ற நம்பிக்கை பாதிதான் சரி. சாதாரண ஒற்றைக் கதவுப் பெட்டி மாதம் 20 முதல் 40 அலகு மின்சாரம் எடுக்கும். வீட்டு மின்கட்டணம் 30, 60, 90 அலகு என்று படிப்படியாக ஏறுகிறது. மாதம் 60 அலகைத் தாண்டினால் கட்டண வகுப்பே மாறி, தொடக்க அலகுகளுக்கும் கூடிய விலை விழும். இரண்டு மின்குமிழும் ஒரு தொலைக்காட்சியும் மட்டும் உள்ள வீட்டில் மாதம் இரண்டு கோழி சேமிக்க மட்டும் பெட்டி வாங்கினால், மின்பட்டியல் கோழியை விழுங்கிவிடும். பால், முட்டை, மீன், பிள்ளையின் மருந்து எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பயன்படுத்தினால்தான் அது இலாபம். அடுத்தடுத்த காம்பராக்களில் உறவினர் இருந்தால் ஒரே பெட்டியை இரண்டு குடும்பம் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

பெட்டியின் உறைபகுதிக் கதவில் நட்சத்திரக் குறி இருக்கும். யாரும் அதைப் பார்ப்பதில்லை. ஒரு நட்சத்திரம் என்றால் அது -6 பாகை வரைதான் குளிரும். இறைச்சி ஒரு வாரம் நிற்கும். இரண்டு என்றால் -12, ஒரு மாதம். மூன்று என்றால் -18, மூன்று மாதம். சம்பளத்துக்குச் சம்பளம் இறைச்சி நீடிக்க வேண்டுமானால் குறைந்தது இரண்டு நட்சத்திரம் வேண்டும். உறைந்த குளிர் பற்றீரியாவைக் கொல்வதில்லை, தூங்கவே வைக்கிறது. வெளியே எடுத்து இளகியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். அதனால்தான் ஒருமுறை அறைச் சூட்டில் இளகியதை மறுபடி உறைய வைக்கக்கூடாது.

ஐந்து கிலோ இறைச்சியை ஒரே ஷொப்பிங் பையில் கட்டிக் குளிரில் தள்ளுவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. இறைச்சியிலுள்ள தண்ணீர் -1 பாகைக்கும் -5 பாகைக்கும் இடையில் பெரும்பாலும் உறைகிறது. அந்த எல்லையை விரைவாகக் கடந்தால் பனிப் பளிங்குகள் நுண்ணியவையாக இருக்கும். மெதுவாகக் கடந்தால் அவை பெருத்து, தசைக் கலங்களைக் கிழித்துவிடும். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். பிறகு இளக வைக்கும்போது தட்டில் வடியும் சிவப்பு நீர், கிழிந்த கலங்களிலிருந்து வெளியேறியது. அதோடு புரதமும் ருசியும் எடையும் போகின்றன. பொதியின் தடிப்பை இரட்டிப்பாக்கினால் உறையும் நேரம் இரட்டிப்புக்கு மேல், நான்கு மடங்கு வரை கூடும். ஆகவே ஒரு வேளைக் கறிக்கு வேண்டியதை மட்டும் ஒரு பைக்குள் போட்டு, உள்ளங்கையால் தட்டித் தட்டையாக்கி, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி முடிந்து, ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல் பரப்பி உறைய விடுங்கள். உறைந்தபின் அடுக்கலாம். காற்று உள்ளே இருந்தால் பனி நேரே ஆவியாகி இறைச்சி வெளிறித் தக்கையாகிவிடும். வாங்கிய திகதியை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி வையுங்கள்.

மின்சாரம் தடைப்பட்டால்? 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வெட்டிய நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நிறைந்திருக்கும் தனி டீப் பிரீசர் கதவைத் திறக்காமல் இருந்தால் ஏறத்தாழ 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைக் காக்கும். பெட்டியின் கீழ்ப்பகுதி நான்கு மணி நேரம்தான். சிறிய உறைபகுதிக்கு இவ்வளவு தாங்கு சக்தி கிடையாது. காலி இடத்தில் தண்ணீர்ப் போத்தல்களை உறைய வைத்தால் அவையே குளிர் இருப்பாக உதவும்.

கெடாமல் காப்பது ஒருபுறம் இருக்க, கடையில் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பதிலும் தெளிவு வேண்டும். தோலும் எலும்புமாக முழுக் கோழி ஒரு கிலோ வாங்கினால் உண்ணக்கூடியது மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே எலும்பில்லாத இறைச்சியின் விலை முழுக் கோழியின் விலையைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால் முழுக் கோழியே இலாபம். அதற்குக் குறைவாக இருந்தால் எலும்பில்லாததை வாங்கலாம். முழுக் கோழியோடு கழுத்தும் ஈரலும் இரைப்பையும் வந்தால் தராசு இன்னும் முழுக் கோழியின் பக்கம் சாயும். உறைந்த கோழி என்றால், இளகியபின் வடியும் தண்ணீரையும் காசு கொடுத்தே வாங்கியிருக்கிறோம்.

கிலோ விலையை விட, ஒரு கிராம் புரதம் என்ன விலை என்று பார்ப்பது சரியான அளவுகோல். விலைகள் நாளுக்கு நாள் மாறும். கணக்குக்காக முழுக் கோழி கிலோ 1,200 ரூபாய், முட்டை ஒன்று 40, நெத்தலிக் கருவாடு கிலோ 1,600, மைசூர்ப் பருப்பு கிலோ 300 என்று வைத்துக்கொள்வோம். கோழியில் ஒரு கிலோவுக்கு 130 கிராம் அளவில் புரதம் கிடைக்கும். ஒரு கிராம் 9 ரூபாய். முட்டையில் 6 கிராம். ஒரு கிராம் 7 ரூபாய்க்குக் கிட்ட. நெத்தலியில் பாதிக்கு மேல் புரதம். ஒரு கிராம் 3 ரூபாய். பருப்பில் கிலோவுக்கு 240 கிராம், ஒன்றேகால் ரூபாய். சோயா மீட்டிலும் பாதியளவு புரதம் உண்டு. உங்கள் கடை விலையை வைத்து நீங்களே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தொலைக்காட்சி விளம்பரத்தில் வரும் சொசேஜ் இந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்பது அப்போது தெரியும்.

கோழி விலையின் வேர் ஊவா மண்ணிலேயே இருக்கிறது. புரொய்லர் வளர்ப்பின் செலவில் பெரும்பகுதி தீவனம். தீவனத்தில் ஏறத்தாழப் பாதி சோளம். நாட்டில் சோளம் அதிகமாக விளையும் இடங்களில் மொனராகலையும் மகியங்கனைப் பக்கமும் அடங்கும். 2018 இல் படைப்புழு வந்தபோதும், 2021 இல் இரசாயன உரம் தடைப்பட்டபோதும், பிறகு இறக்குமதிக்கு டொலர் இல்லாதபோதும் அடிபட்டது சோளம்; விலை ஏறியது கோழி. பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில் வருகிறது. விளைச்சல் செய்தியைக் கவனிக்கிறவர் கோழி விலையை ஓரளவு முன்கூட்டியே அறிவார். போயா நாளில் இறைச்சிக் கடை மூடியிருக்கும். முதல் நாள் நெரிசலில் நல்ல துண்டு கிடைக்காது. தீபாவளி, நத்தார் வாரங்களில் விலை ஏறும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் ஊரார் சேர்ந்து ஆடு வாங்கிப் பங்கு போடுவது போல, லயத்தாரும் சேர்ந்து வாங்கினால் ஆட்டிறைச்சியும் எட்டும் விலைக்கு வரும். ஆனால் அது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்த, அனுமதி பெற்ற இடத்தில் வெட்டியதாக இருக்க வேண்டும்.

முட்டையிட்டு ஓய்ந்த லேயர் கோழி பல இடங்களில் புரொய்லரை விட மலிவு. கடினம் என்று வேண்டாமென்பார்கள். கடினத்துக்குக் காரணம் கொலாஜன் என்ற இணைப்பிழையப் புரதம். வயதான விலங்கில் அதன் இழைகளுக்கிடையே பிணைப்புகள் கூடியிருக்கும். நீண்ட நேர ஈரச் சூட்டில் அது ஜெலற்றினாக இளகிக் குழம்பைக் கெட்டியாக்குகிறது. மலையில் இதற்கு ஒரு தடை உண்டு. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு 300 மீற்றருக்கும் தண்ணீரின் கொதிநிலை ஏறத்தாழ 1 பாகை இறங்கும். 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளையில் தண்ணீர் 98 பாகைக்குச் சற்றுக் கீழே கொதிக்கும். 1,430 மீற்றரிலுள்ள அப்புத்தளையில் 95 பாகை அளவில். எவ்வளவு விறகை எரித்தாலும் திறந்த சட்டி அதற்கு மேல் சூடாகாது. அதனால்தான் கொழும்பிலிருந்து வந்த மருமகள் அங்கே ஒரு மணி நேரத்தில் வேக வைத்த இறைச்சி அப்புத்தளையில் அதைவிடக் கூடுதல் நேரம் இழுக்கிறது. பிரஷர் குக்கர் அங்கேயும் 115 பாகைக்கு மேல் கொண்டுபோகும். விறகும் காஸும் மிச்சம். மலிவான இறைச்சியை விரும்பி வாங்குகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது குக்கர்தான் என்பது என் தீர்ப்பு. குக்கர் இல்லாதவர்கள் பப்பாசிக் காயில் ஒரு சிறு துண்டை அரைத்துப் பிசறி அரை மணி நேரம் வைக்கலாம். அதிலுள்ள பப்பேயின் நொதியம் தசைப் புரதத்தை அறுக்கும். கூடிப்போனால் இறைச்சி மாவாகிவிடும்.

கடைசி ஒழுகல் உடம்புக்குள் நடக்கிறது. கொழுப்பைச் சேர்த்து வைப்பது போல உடம்பு புரதத்தைச் சேர்த்து வைக்காது. ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளுக்கு 42 கிராம் அளவு தேவை. தீபாவளியன்று ஒரே மூச்சில் முக்கால் கிலோ இறைச்சி சாப்பிட்டால் மிகுதியானது எரிபொருளாகச் செலவாகும், அடுத்த வாரத்துக்கு நிற்காது. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடளாவ 17.3 சதவீதம், தோட்டப்புறத்தில் 31.7 சதவீதம். மாதம் ஒருநாள் விருந்து அந்தக் குழந்தையை வளர்க்காது.

இறைச்சியிலுள்ள இரும்புச்சத்து, பருப்பிலும் கீரையிலும் உள்ளதை விட எளிதாக உடம்பில் சேர்கிறது. அதைவிட முக்கியமானது, பருப்புக் கறியோடும் கீரையோடும் கொஞ்சம் இறைச்சியோ மீனோ சேர்ந்தால் அந்தப் பருப்பு, கீரையின் இரும்பையும் உடம்பு கூடுதலாக எடுத்துக்கொள்ளும். ஆகவே ஒரு கோழியை ஒரே நாளில் முடிக்காமல் சிறு பொதிகளாக்கி, பருப்போடும் உருளைக்கிழங்கோடும் வாரத்துக்கு இரண்டு, மூன்று தடவை சமைப்பதால் காசும் மிஞ்சும், உடம்புக்கும் கூடச் சேரும். மலிவாகக் கிடைக்கும் கோழி ஈரலில் 100 கிராமுக்கு 9 மில்லிகிராம் அளவு இரும்பு இருக்கிறது. விலை கூடிய நெஞ்சு இறைச்சியில் 1 மில்லிகிராமும் இல்லை. ஈரலில் விற்றமின் ஏ மிக அதிகம் என்பதால் கர்ப்பிணிகள் மட்டும் மருத்துவ மாதுவிடம் கேட்டுச் சாப்பிட வேண்டும். கருவாட்டைச் சமைக்குமுன் இரண்டு தடவை தண்ணீர் மாற்றி ஊற வைத்தால் உப்பு குறையும். இரத்த அழுத்தமுள்ள வீட்டில் இது கட்டாயம்.

இவ்வளவும் செய்தபின் பருப்பையும் கீரையையும் வீணாக்குவது சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணி. தேயிலையிலுள்ள பொலிபீனோல்கள் இரும்போடு சேர்ந்து, பருப்பு கீரை இரும்பு உடம்பில் சேர்வதைப் பாதிக்கு மேல் குறைத்துவிடும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் அந்தத் தடை பெருமளவு நீங்கும். மலையில் கொழுந்து பறிக்கிற அக்காமார், தங்கச்சிமாருக்கு நான் கேட்டுக்கொள்வது இது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் விட்டுத் தேத்தண்ணி குடியுங்கள். தேசிக்காய்ப் புளியைக் கறியில் பிழிந்துகொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குச் சோற்றோடு தேத்தண்ணி கொடுக்கவே கொடுக்காதீர்கள்.